தேங்காய்க் கோரைப்பல்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து தடுமாறும், நினைவும் தவறும், பொறுத்துக்கொள்ளுங்கள். துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட நாடகத்தில் என் மகனுக்கு ரத்தம் குடிக்கும் பழங்காலப் பிரபு வேஷம். கதையில் பேரரசருக்கு மந்திரியும் அந்தப் பிரபுதான், படைத்தளபதியும் அவர்தான். மேடையேறும் நேரத்தில் பிளாஸ்டிக் கோரைப்பல் உடைந்துவிட்டது.

"பல்லு இல்லாம ஏற மாட்டேம்மா" என்று மகன் உட்கார்ந்துவிட்டான்.

இடைவேளை இட்லிச் சட்னிக்கு வைத்திருந்த தேங்காயில் இரண்டு பல் செதுக்கிக் கொடுத்தேன். டூட்டி முடிந்து சாப்பிடாமல் வந்தவன், மேடையில் போரில் வென்று சபைக்குத் திரும்பியதும் பசியில் பல்லை மென்றுவிட்டான்.

"ஓய் மந்திரி, பல்லத் தின்னுட்டீரே! இனி எப்படிவே ரத்தம் குடிப்பீரு?" என்றார் பேரரசர்.

"இனிமே மோர்தான், அரசே!" என்றான் மகன்.

கைதட்டல் அடங்கவே இல்லை. திரைக்குப் பின்னால் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாடகத்தில் பிரபுவுக்குச் சொன்ன வயது எண்ணூறா, தொள்ளாயிரமா? அதுதான் மறந்துவிட்டது. நாடகம் பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.