உல்டிஸின் பிரசுரத்தில் இல்லாத ஆறு வருடம்

உல்டிஸ் என்ற லத்வியா அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாறு பளபளப்பான தாளில் நாலு பக்கத் தேர்தல் பிரசுரமாக அச்சாகி வந்தது. சின்ன ஊரில் பிறந்தான், தகப்பன் டிராக்டர் ஓட்டினார், அவன் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த வருடம் லண்டனுக்கு வந்தான், திரும்பிப் போய் நகரசபை உறுப்பினரானான், இப்போது பாராளுமன்றத்துக்குத் தேர்தல் கேட்கிறான். லண்டனில் இருந்த ஆறு வருடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி: 'பல நாட்டுத் தொழிலாளரை அன்போடு வழிநடத்தினார்.' அன்போடாம்! மிச்சத்தை நான் எழுதுகிறேன். என் பெயர் கிளறிற்றா, இருப்பது லண்டன் நோர்பரியில். அவனுடைய குடும்பப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அந்த மரியாதைக்கு அவன் ஆளில்லை.

குரோய்டனுக்குப் பக்கத்தில் ஒரு சலவைத் தொழிற்சாலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வரும். உல்டிஸ் முதலில் எங்களோடு நின்று விரிப்பு மடித்தவன்தான். கெட்டிக்காரன், அதை மறைக்க மாட்டேன். ஒரு வருடத்தில் ஆங்கிலத்தைப் பிடித்தான், இரண்டாம் வருடம் சூப்பர்வைசர். அதற்குப் பிறகு அவன் கால் நிலத்தில் படவில்லை. தன் நாட்டுக்காரி இல்சேயையே எல்லோர் முன்னாலும் 'ஆமை' என்று கூப்பிட்டுச் சிரிப்பான்.

ஜெராட்டை வேலைக்கு எடுத்ததும் அவன்தான். ஜெராட் என்னைக் கட்ட இருந்தவர், மன்னார் ஆள். அகதி வழக்கு முடியாததால் அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. உல்டிஸுக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தான். வாய் திறக்க முடியாத ஒருவர் அவனுக்குத் தேவைப்பட்டார். விரிப்புகளை அழுத்தும் சூட்டு உருளையில் கொண்டுபோய் நிறுத்தினான். வேலை வேகமாக ஓடட்டும் என்று உருளைக்கு முன்னாலிருந்த பாதுகாப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னான். ஒரு வெள்ளிக்கிழமை ஜெராட்டின் வலது கை உள்ளே போய்விட்டது. மூன்று விரல்.

ஜெராட் கேட்டது ஒன்றே ஒன்று. விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். "கம்பியைத் திருப்பிப் பூட்டாட்டி நாளைக்கு இன்னொருத்தற்ர கை போகும். எழுதினாத்தான் பூட்டுவாங்கள், கிளறி," என்றார் என்னிடம். உல்டிஸ் அவர் தோளில் தட்டி, "திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வா, எழுதலாம்," என்று சொல்லியிருக்கிறான். ஏழு மணிக்குப் போனார், கட்டுப்போட்ட கையோடு. அறையில் புத்தகம் இல்லை. குடிவரவு அதிகாரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் போன் பண்ணியது யாரென்று இல்சேக்குத் தெரியும், பக்கத்தில் நின்று தன் காதால் கேட்டவள்.

அப்போது எங்களுக்குக் கத்தோலிக்கக் கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இருவர் பெயரையும் பூசையில் வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறு ஜெராட் தடுப்பு முகாமில் இருந்தார். மாதம் முடியுமுன் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே விமான நிலையத்திலேயே பிடித்து அடைத்தார்கள். பதினாலு மாதம் கழித்து அரை உயிராக வெளியே வந்தார், அடுத்த வருடம் மன்னார் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். நான் அவருடைய முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுவாமி எத்தனை தரம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தாலும் நான் மன்னிக்கவில்லை.

பதின்மூன்று வருடம் போனது. ஒரு செப்டம்பரில் எங்கள் பங்கு மண்டபத்தை லத்வியாக்காரர் தேர்தல் கூட்டத்துக்கு எடுத்தார்கள். மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம்தான், தேநீரும் என் பொறுப்பு. மேடையைப் பார்த்தால், அட பாவி, உல்டிஸ்! வயிறு வைத்து, டை கட்டி நின்றான். கூட்டம் முடிய வந்து, நான் பொரித்த ரோல்ஸ் இரண்டு தின்றான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. மேசையில் கிடந்த பிரசுரத்தைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சலவைத் தொழிற்சாலைப் படம். நத்தார் தொப்பி போட்டு உல்டிஸ் நடுவில், ஓரத்தில் என்னுடைய ஜெராட்.

அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். படத்தில் விரலை வைத்து, "இவர் யார்?" என்று கேட்டேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அது ஒரு இந்தியன். பெயர் ஞாபகமில்லை. பாவம், அவனுக்கு நான் நிறைய உதவி செய்தேன்." சொல்லிவிட்டு மூன்றாவது ரோல்ஸுக்குக் கை நீட்டினான்.

உதவியாம்! நாசமாய்ப் போவான். தட்டை அவன் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய், இல்சேக்குப் போன் எடுத்தேன். இப்போது வால்தம்ஸ்டோவில் இருக்கிறாள். எங்களோடு வேலை செய்த பழக்கத்தில் என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள், மிச்சமெல்லாம் ஆங்கிலம். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

அவள் சொன்னபடி, அவர்கள் நாட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் வேட்பாளர் பெயர்ப் பட்டியல் உள்ள வாக்குத் தாள் ஒன்று. பிடித்த ஆளுக்குக் கூட்டல் அடையாளம் போடலாம், பிடிக்காத ஆளின் பெயரை வெட்டலாம். வெட்டு விழ விழ அந்த ஆள் பட்டியலில் கீழே போவான். லண்டனிலிருந்தும் வாக்குப் போடலாம்.

"அப்ப வெட்டுங்கோவன்!" என்றேன்.

"சும்மா வெட்ட ஏலாது அக்கா. அவன்ர கட்சித் தாளிலதான் அவன்ர பேர் இருக்கு. அந்தக் கட்சிக்கு வாக்குப் போட்டாத்தான் வெட்டலாம்."

அந்தக் கட்சியை அவளுக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனாலும், "போடுறன். அவன் போனில கதைச்சதைக் கேட்டும் நான் ஜெராட்டுக்குச் சொல்லேல்லை. பயந்திட்டன் அக்கா," என்று அழுதாள்.

மூன்று ஞாயிறு நாங்கள் வீடு வீடாகப் போனோம். எங்களோடு சலவைத் தொழிற்சாலையில் நின்ற லத்வியாப் பெண்கள், அவர்களுடைய புருஷன்மார், அக்கா தங்கைகள். நான் படத்தைக் காட்டி ஜெராட்டின் பெயரைச் சொல்வேன், இல்சே தங்கள் மொழியில் மீதியைச் சொல்வாள். சிலர், "அந்தக் கட்சிக்கு வாக்கா, செத்தாலும் போட மாட்டோம்," என்று கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் பேனாவைக் கேட்டு வாங்கி, அவன் பெயரை எப்படி வெட்டுவதென்று பிரசுரத்திலேயே வெட்டிக் காட்டினார்கள்.

ஒக்டோபரில் தேர்தல் நடந்தது. லண்டன் வாக்குகளும் போய்ச் சேரும் தலைநகர்த் தொகுதியில் அந்தக் கட்சிக்கு ஐந்து இடம். நாலாவதாக இருந்த உல்டிஸ் ஆறாவதாகப் போனான். பத்தொன்பது வாக்கில் போச்சு. "லண்டனில மட்டும் ஐம்பத்திமூண்டு வெட்டு, அக்கா!" என்று இல்சே போனில் கத்தினாள். சந்தோஷமா என்று கேட்டால், ஓம், சந்தோஷம். வயிறு குளிர்ந்தது. பாவசங்கீர்த்தனத்திலும் நான் இதைச் சொல்லவில்லை, மனம் வருந்தாததை எப்படிச் சொல்வது?

அடுத்த திங்கட்கிழமை காலை குசினி மேசையில் பிரசுரத்தை விரித்து, அவன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். ஜெராட்டின் படத்துக்குக் கீழே, விபத்துப் புத்தகத்தில் எழுதுவதுபோல, ஆங்கிலத்தில் எழுதினேன்: பெயர், ஜெராட் பஸ்தியாம்பிள்ளை. ஊர், மன்னார். வலது கை, மூன்று விரல். பாதுகாப்புக் கம்பி இருக்கவில்லை, கழற்றச் சொன்னவர் உல்டிஸ். பின்பக்கத்திலிருந்த அவனுடைய விலாசத்துக்குத் தபாலில் போட்டேன். உறையை ஒட்டுமுன், எழுதிய நேரம், காலை ஏழு மணி என்றும் போட்டேன்.