அதிக எடை, ஒருவர் வெளியேறவும்

அந்த நகரத்தில் அவள் பேச்சைக் கேட்காதவர்கள் அவள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் கேட்டார்கள். வங்கியில் "மூன்றாவது சாளரத்துக்குச் செல்லவும்" என்றால் எழுந்து போனார்கள். போனில் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றால் காதில் வைத்தது வைத்தபடி சாகாத குறையாகக் காத்திருந்தார்கள். லிஃப்டில் "கதவுகள் மூடுகின்றன" என்றால் கையைக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அத்தனையும் அவள் குரல்.

உண்மையில் அவள் செய்தி வாசிக்க ஆசைப்பட்டவள். குரல் தேர்வுக்குப் போனாள். "நல்லாத்தான்மா இருக்கு. ஆனா நீ சொன்னா நிலநடுக்கம்கூட கவலைப்பட வேண்டிய விஷயமாத் தெரியலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதைச் சொன்னாலும் கவலைப்படாமல் சொல்கிற அந்தக் குரலைத்தான் லிஃப்ட் கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் தேடிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒரு பழைய சாமான் அறையில், சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க ஊரை வரிசையில் நிறுத்துவது அவள் பிழைப்பாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் அடிக்கடி கை காட்டி நிறுத்துவார். "அக்கா, அன்பைக் கொஞ்சம் கொறைங்க. காத்திருக்கத்தான் சொல்றோம். தாலாட்டு பாடல."

அவள் கணவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடையிலும் வீட்டிலும் அவனுக்கு ஒரே சொல்தான்: "பார்க்கலாம்." கடையில் அது பொருந்தியது. வீட்டில் அதற்கு அர்த்தம் வேறு. குழாய் ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். பிள்ளைக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் 'அம்மா' என்று கூப்பிடவில்லை என்றாலும் பார்க்கலாம். கல்யாணமான நாளிலிருந்து அவன் எதையும் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேட்கவில்லையோ என்று பயந்தால், இரண்டு மாடிக்குக் கீழே லிஃப்ட் கதவு திறக்கிற சத்தத்துக்கு அடுக்களையிலிருந்து ஓடிப்போய் வாசலில் நிற்பான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், இடுக்கியைப் பொருத்துவது மாதிரி ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் பொருத்துவான். வீட்டுச் செருப்புகளையெல்லாம் சுவரோரமாக ஒரே நேர்கோட்டில் அடுக்குவான். ஒன்று நகர்ந்தால் வீடு இரண்டுபடும்.

இதையெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். சொன்ன இடத்திலெல்லாம் ஒரு வைத்தியர் இருந்தார். மேல்வீட்டுக்காரி, "ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்றாள். கணவனின் அண்ணி, அதாவது அவளுடைய ஓரகத்தி, தன் சித்தப்பாவையே சாட்சிக்கு இழுத்தாள். "அவரு அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு. இப்ப மூட முடியுதா, சொல்லு?" அந்தச் சித்தப்பா அப்போது பக்கத்து அறையில் பேசிக்கொண்டுதான் இருந்தார். அங்கே அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. எல்லோருடைய மருந்துச்சீட்டும் கடைசியில் ஒரே வரியில் வந்து முடிந்தது: கொஞ்சம் பொறு, தானாகப் பேசுவான்.

பேசத்தான் செய்தான்.

ஒரு நாள் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்று, மணி மணியாக, "கதவுகள் திறக்கின்றன" என்றான்.

வீடே கூடிவிட்டது. அதிலும் கணவனின் அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். முப்பது வருடமாக ஒருமை பன்மை மயங்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி மனம் கசந்தவர்.

"திறக்குதுன்னு சொல்லல, கவனிச்சியா! திறக்கின்றன! கதவுகள், திறக்கின்றன! எங்கிட்ட பத்தாவது படிக்கிற தடியனுங்களுக்கு இது வராதும்மா!"

"மாமா, அது லிஃப்ட்ல நான் சொல்றது. கேட்டதை அப்படியே சொல்றான். அவ்வளவுதான்."

"கேட்டதச் சொல்றதுக்கே ஒரு கொடுப்பினை வேணும்."

அடுத்த வாரம் பிள்ளை ஸ்டூலிலிருந்து விழுந்தான். அழுதுகொண்டே, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றான். முழங்காலில் ரத்தம். தமிழாசிரியர் ரத்தத்தைப் பார்க்கவில்லை. 'அழைப்பு' என்பதில் ழகரத்தைப் பார்த்தார். மழலை பேசுகிற வயதில் நாக்கை மடக்கி ஒரு ழகரம்! அன்றைக்கே பிள்ளைக்குப் 'புலவர்' என்று பெயர் விழுந்தது. ஓரகத்தி செல்போனும் கையுமாகப் பின்னாலேயே திரிந்து, புலவர் வாய் திறக்கும்போதெல்லாம் படமெடுத்துச் சொந்தபந்தத்துக்கு அனுப்பினாள். பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் என்று கேட்கத் தெரியாது என்பது எந்தப் படத்திலும் தெரியவில்லை.

அவள் யாருக்கும் சொல்லாமல் குழந்தைகள் வளர்ச்சி மருத்துவமனைக்குப் போன் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு தேதி வாங்கியிருந்தாள். அந்தத் தேதியில்தான் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமும் வந்து விழுந்தது. சங்கத்துக்குச் செயலாளர் தமிழாசிரியர். கட்டடத்துக்குப் புது லிஃப்ட் போட்டுக்கொடுத்த கம்பெனி மேலாளர் சிறப்பு விருந்தினர். வரவேற்புரை, புலவர். வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரித் தேதியை அவள் வெளியே சொன்னாள்.

"காலைல ஆஸ்பத்திரி, சாயங்காலம் மேடைன்னா புள்ள களைச்சிருவான். ஒரு போன் போட்டுத் தள்ளிவெச்சிரும்மா" என்றார் தமிழாசிரியர்.

"இதத் தள்ளினா அடுத்தது எப்பக் கிடைக்கும்னே தெரியாது மாமா."

"நல்லாப் பேசுற புள்ளயப் பேச்சு வரலன்னு கூட்டிட்டுப் போறியே, டாக்டர் சிரிக்க மாட்டாரா?" என்றாள் ஓரகத்தி. "நாளைக்கு இவனுக்கு ஒரு முத்திரை குத்தி அனுப்பிட்டாங்கன்னா? நம்ம வீட்டுல அப்படி யாருமே கிடையாது." பக்கத்து அறையில் சித்தப்பா யாருமில்லாத சுவரோடு விவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் கணவனைப் பார்த்தாள்.

"பார்க்கலாம்" என்றான்.

எல்லோரும் சுற்றி நிற்க, தேதியைத் தள்ளிவைக்க ஸ்பீக்கரில் போட்டு மருத்துவமனைக்கு அழைத்தாள். மணி அடித்தது. பிறகு ஒரு பெண் பேசினாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்."

பதிவுசெய்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. எட்டாவது முறை சொன்னபோதுதான் அன்பு சரியான அளவுக்குக் குறைந்திருந்தது. முன்பும் காதில் விழுந்ததுதான்; இப்போதுதான் அதைக் கேட்கிறவள் இடத்தில் நின்று கேட்டாள். என்ன ஒரு நிதானம்! வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் இவள் காத்திருக்கவும் என்றுதான் சொல்வாள். ஓரகத்தி, மேல்வீட்டுக்காரி, மாமா, 'பார்க்கலாம்' கணவன் எல்லோரும் சேர்ந்து ஒரு குரலாகி, அந்தக் குரலுக்குத் தன் தொண்டையை வாடகைக்கு எடுத்துக்கொண்டது போலிருந்தது.

பட்டென்று வைத்துவிட்டாள்.

"என்னாச்சு?" என்றாள் ஓரகத்தி.

"காத்திருக்கச் சொல்றா."

"யாரு?"

"நான்தான்."

அந்தத் தேதியில் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கணவன் கடைச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தான். அதற்கு மேல் வரவில்லை.

டாக்டர் பிள்ளையை வெகுநேரம் பார்த்தார், அவளிடம் நிறையக் கேட்டார். பிறகு பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் அனுப்பினார். சின்ன வயசுக்காரி. வந்தவர்களுக்கு நாற்காலியைக் காட்டிவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை பொம்மைக் கார்களை வரிசையாக அடுக்கினான். அவள் அதைக் கலைக்கவில்லை. வரிசையின் கடைசியில் தன் பங்குக்கு ஒரு காரை வைத்தாள். பிள்ளை அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அடுத்த காரை வைத்தான்.

"கிளி மாதிரி சொன்னதையே சொல்றான் மேடம்" என்று இவள் ஆரம்பித்தாள். "அர்த்தம் ஒண்ணும் கிடையாது."

"அப்படியா?" அந்தப் பெண் டாக்டரின் குறிப்பைப் பார்த்தாள். "கதவுகள் திறக்கின்றனன்னு எப்பச் சொல்றான்?"

"ஃப்ரிட்ஜு முன்னாடி நின்னு. பால் வேணும்னா."

சொல்லிவிட்டுத்தான் சொன்னது தன் காதில் விழுந்தது.

"அழைப்பு முக்கியமானதுன்னு?"

"கீழ விழுந்தா. பயந்தா." கொஞ்சம் யோசித்தாள். "முதல் தடவை உங்களுக்குத்தான் போன் பண்ணிக் காத்திருந்தேன். ஸ்பீக்கர்ல அந்தக் குரல் ஓடிட்டிருந்துச்சு. அப்ப இவன் கட்டில்லேர்ந்து விழுந்துட்டான். போனும் கையுமா ஓடிப்போய்த் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டேன்."

"அப்ப அதுக்கு அர்த்தம் என்ன?"

அவள் கார் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். ஊருக்கே அறிவிப்புச் சொல்கிறவள் இந்த ஒன்றை மெல்லச் சொன்னாள்.

"என்னைத் தூக்கு" என்றாள்.

"சில பிள்ளைங்க சொல்லு சொல்லா எடுத்துக் கோப்பாங்க. சில பிள்ளைங்க முழு வாக்கியத்தையும் ஒரே மூட்டையாத் தூக்கி வெச்சுக்குவாங்க. உள்ள என்ன இருக்குன்னு நாமதான் அவுத்துப் பாக்கணும். நீங்க இவ்வளவு நாளா இலக்கணம் பாத்தீங்க."

"நான் பாக்கல. எங்க மாமாதான்."

"நீங்க அர்த்தமே இல்லன்னீங்களே" என்று சிரித்தாள் அந்தப் பெண். "ஆட்டிசமா இருக்கலாம்னு டாக்டர் நினைக்கிறாங்க. இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்வாங்க. அதுக்காகப் பயிற்சிய நிறுத்திவைக்க வேண்டாம், இன்னைக்கே ஆரம்பிக்கலாம். அவன் மூட்டைய வாங்கிக்கிட்டு, ஒரு சின்ன வார்த்தையக் கையில குடுங்க. தூக்குறப்ப 'தூக்கு'. பால் குடுக்குறப்ப 'பால்'. வேற என்ன சொல்வான்?"

"அதிக எடை, தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்னு சொல்வான். அது மட்டும் புரியல. வீட்டுக்கு விருந்தாளிங்க நிறைய வந்திருந்தப்ப ஒரு தடவை சொன்னான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"அடுத்த தடவை சொல்றப்ப நீங்க சிரிக்காதீங்க. சுத்தி என்ன நடக்குதுன்னு பாருங்க."

சாயங்காலம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. கூட்டிவர மாட்டேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தமிழாசிரியர் காதில் வாங்கவில்லை. "அழைப்பிதழ்ல பேரு போட்டாச்சும்மா, புலவர்னு!" என்று பிள்ளையைக் கையோடு கொண்டுபோய்விட்டார். அவள் பின்னால் ஓடினாள். அவள் மேடைக்குப் பக்கத்தில் வருவதற்குள் மைக் ஒரு முறை கீச்சென்று அலறியது. கூட்டம் கைதட்டியது. முதல் வரிசையில் ஓரகத்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். லிஃப்ட் கம்பெனி மேலாளர் இரண்டு நாற்காலிக்குப் போதுமான உடம்பை ஒரு நாற்காலியில் ஏற்றியிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ள முன்னால் சாய்ந்தார்.

"சொல்லுடா கண்ணா. 'அவையோர் அனைவருக்கும் வணக்கம்.' நேத்து சொல்லிக் குடுத்தேன்ல?" என்று தமிழாசிரியர் மைக்கை அவன் வாயருகே பிடித்தார்.

பிள்ளை மேலாளரைப் பார்த்தபடி, தெள்ளத் தெளிவாக, "அதிக எடை. தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்" என்றான்.

கூட்டம் கூரை பிய்கிற மாதிரி சிரித்தது. மேலாளர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தன் கம்பெனியின் தரத்தைப் பாராட்டுவது போலத் தலையாட்டினார். தமிழாசிரியர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நகைச்சுவை உணர்வும் உண்டு" என்று மைக்கில் சமாளித்தார். அதற்கும் கைதட்டல்.

"அதிக எடை" என்றான் பிள்ளை மறுபடியும். இப்போது இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன. "அதிக எடை. அதிக எடை."

சிரிப்பு இன்னும் கூடியது. அவள் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். மைக், விளக்கு, கைதட்டல், கிள்ள வருகிற விரல்கள், நீட்டிய செல்போன்கள். ஆறு பேர் ஏற வேண்டிய பெட்டிக்குள் அறுபது பேரை ஏற்றிவிட்டு, அது கத்தினால் நன்றாகக் கத்துகிறது என்று கைதட்டுகிறார்கள்.

மேடையில் ஏறி அவனைத் தூக்கினாள். "தூக்கு" என்றாள் அவன் காதில், அறிவிப்புக் குரலில் அல்ல.

"ஏம்மா, இன்னும் முடியலயே! ஒரே ஒரு வணக்கம்!"

"அவன் சொல்லிட்டான் மாமா. செந்தமிழ்லதான் சொன்னான். உங்களுக்குத்தான் புரியல."

"என்ன சொன்னான்?"

"வெளியேறவும்னு சொன்னான்."

ஒருவர் போதும் என்றுதான் அறிவிப்பு. இரண்டு பேராக வெளியேறினார்கள். பின்னால் ஓரகத்தி, "மேடைல வெச்சு மானத்த வாங்கிட்டா, பாருங்க" என்பது மைக்கில் விழுந்து கட்டடம் முழுக்கக் கேட்டது. அதற்கு யாரும் கைதட்டவில்லை.

புது லிஃப்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அவன் முகம் அவள் கழுத்தில் புதைந்திருந்தது, உடம்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. "கதவுகள் மூடுகின்றன" என்றாள் மேலேயிருந்து அந்த இன்னொருத்தி, கவலையே இல்லாமல். மூடுகிற கதவுக்கு நடுவில் ஒரு செருப்புக் கால் நுழைந்தது. கதவு திறந்துகொண்டது. கணவன், மூச்சிரைக்க நின்றான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பார்க்கலாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்லல. அடுத்த தடவை எப்பப் போகணும்? நானும் வரேன்."

அவள் ஓர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். அவன் உள்ளே வந்தான். பிள்ளை தலையைத் தூக்கி மேலே பார்த்தான், அறிவிப்புக்காக. மூன்று பேர் அதிக எடை என்று லிஃப்ட் சொல்லவில்லை.