என் மகள் குடித்த பால்

பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் இல்லை, எதையோ கண்டு பயந்திருப்பாய் என்று என் கணவர் சாய் கிருஷ்ணா இன்றும் சொல்கிறார். நீங்களும் சொல்லலாம். ஆனால் குழந்தையை எடை போட்ட தராசுக்குத் தூக்கக் கலக்கம் கிடையாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன ஜூலையில், கொல்கத்தாவில் எனக்குப் பிரசவம். குறித்த தேதி தாண்டியும் வலி எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, வலி வர மருந்து வைத்தார்கள். பிறகு டிரிப்ஸ். பக்கத்துக் கட்டிலில் ஜும்பா என்ற வங்காளிப் பெண். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் அவளுக்கும் வலி வர வைத்தார்கள். நடுவில் ஒரு திரைதான். வலி வரும்போதெல்லாம் திரைக்கு அடியில் கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொள்வாள். "தீதி, பிறந்ததும் பால் கொடுத்துடணும். மத்ததெல்லாம் அப்புறம்," என்று வங்காள மொழியில் சொன்னாள்.

மறுநாள் மாலை அவளுக்கு வலிப்பு வந்தது. கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

எனக்குப் பெண் பிறந்தாள். இரண்டு நாள் வலி, நிறைய ரத்தப்போக்கு, தையல். கால்கள் தூணாக வீங்கிவிட்டன. நியூ டவுனில் பதினான்காவது மாடியில் எங்கள் வீடு. அங்கே வந்த பிறகும் பால் சுரக்கவில்லை.

"இவ்வளவு நேரம் வலி, இவ்வளவு ரத்தம் போனா சிலருக்கு லேட் ஆகும். மார்ல வாய் வைக்க விட்டுட்டே இருங்க. அதுவரைக்கும் பவுடர் பால்," என்றார் டாக்டர்.

குழந்தை வாய் வைப்பாள். எதுவும் வராது. முகம் சிவக்க அழுவாள். நானும் அழுவேன்.

சில நாளில் ஒன்றைக் கவனித்தேன். காலையிலும் இரவிலும் பாட்டிலில் குடிப்பவள், மதியம் மட்டும் அதைத் தொடுவதில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, வயிறு நிறைந்தவள்போலத் தூங்கினாள். வாயை முகர்ந்தேன். பவுடர் பால் வாசனை இல்லை. இளம் தித்திப்பாக வேறு ஏதோ... கூடவே லேசாக டெட்டால்.

எடை பார்க்கப் போனோம். நன்றாக ஏறியிருந்தது.

"பார்த்தியா மேக்னா, உனக்குப் பால் ஊறிடுச்சு," என்று உதவிக்கு வந்திருந்த அம்மா சந்தோஷப்பட்டாள்.

இரவு பம்ப் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை.

அடுத்த நாள் பேய்மழை. மதியம் இரண்டரைக்கே இருட்டிவிட்டது. பவுடர் டப்பா காலி. வாங்கப் போன அம்மா கடையிலேயே மாட்டிக்கொண்டாள். அவள் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஹாலில் படுத்திருந்தேன். உள்ளே குழந்தை பசியில் வீறிட்டாள்.

தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

அழுகை நின்றது.

சட்டென்று. யாரோ தூக்கிக்கொண்டது போல.

பிறகு அந்தச் சத்தம்... ச்சப்... ச்சப்... சின்னதாக ஒரு மூச்சு... ச்சப்...

குழந்தை பால் குடிக்கிறாள்.

வாசல் கதவைப் பார்த்தேன். போட்ட தாழ் போட்டபடியே இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

கட்டில் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பச்சை கவுன். புறங்கையில் ஊசி, பிளாஸ்டர். அதிலிருந்து ஒரு குழாய் தரைவரை தொங்கியது. மறுமுனையில் எதுவும் இல்லை.

அவள் மடியில் என் மகளின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

கதவை முழுக்கத் தள்ளினேன்.

அவள் திரும்பவில்லை.

"துமி குமாவ், தீதி..." நீ தூங்கு, அக்கா. "ஆமி ஆச்சி." நான் இருக்கிறேன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

ஒரு மின்னல்...

கட்டிலில் குழந்தை மட்டும்.

மகளின் உதட்டோரம் வெள்ளையாக ஒரு சொட்டு. தொட்டேன்.

சூடாக இருந்தது.

அன்று இரவே எனக்குக் காய்ச்சலோடு மார்பு கல்லாகக் கட்டியது. விடிவதற்குள் நைட்டி நனைந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே மகளை அணைத்துக் குடிக்க வைத்தேன். அதன்பின் ஒரு மதியம்கூட அவளைத் தனியே விடவில்லை. யாரும் வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, குழந்தையோடு செக்கப்புக்குப் போனேன். பிரசவ வார்டில் என்னைப் பார்த்துக்கொண்ட ஜிஜி, மலையாள நர்ஸ், தமிழ் பேசுவாள். அவளை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனேன்.

"சிஸ்டர், ஜும்பா எப்போ இறந்தா?"

"யார் சொன்னது? குழந்தைதான் போச்சு. அவ மூணு வாரம் ஐசியூல நினைவில்லாம கிடந்தா."

"எழுந்திரிக்கவே இல்லையா?"

"கண்ணே திறக்கலை." ஜிஜி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்ணு. குழந்தை இல்லாட்டியும் பால் கட்டும் இல்லையா? காலைல பார்த்தா கல்லு மாதிரி இருக்கும். சாயங்காலம் காலியா இருக்கும். நாங்க யாரும் எடுக்கலை. காம்பு மட்டும் சிவந்திருக்கும்... ஏதோ குழந்தை குடிச்ச மாதிரி."

என் கை தானாக மகளை இறுக்கியது.

"இப்போ?"

"முழிச்சுட்டா. குழந்தை இறந்ததை நம்ப மாட்டேங்கிறா. தன் பொண்ணு எங்கேயோ உயரத்துல ஒரு வீட்டுல இருக்கான்னு சொல்றா." ஜிஜி நிறுத்தினாள். "அவ பெத்தது பையன்."

மகளைத் தலைப்பால் இழுத்து மூடினேன்.

"நேத்து டிஸ்சார்ஜ். அந்த வீட்டுக்கு எனக்கு வழி தெரியும், நானே போய்க்கிறேன்னு புருஷன்கிட்ட சொல்லிட்டே போனா."