பத்துக்கு ஒன்பது

எங்கள் பள்ளிக்கூட வேன் வாசலில் மூன்று தடவை ஹோர்ன் அடிக்கும். திங்கட்கிழமை அடிக்காமல் நின்றது. சில மாதங்களாகச் செல்லத்துரை மாமாவுக்குப் பதிலாக அதை ஓட்டும் தம்பி இறங்கி வந்து, "அண்ணன் விடியக்காலையில தவறிட்டாரு" என்றார்.

கம்பளையில் செல்லத்துரை மாமாவின் வேனில் போய்வந்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஒரு விஷயம் மட்டும் தெரியாது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பயந்துகொண்டே அதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒருநாள், எல்லோருக்கும் கடைசியாக நான் இறங்கும்போது ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். புரோஸ்டேட் சுரப்பியில் சதை எடுத்துச் சோதித்தது. "அத்தைக்குச் சொல்லாத. இங்கிலீசுல என்ன போட்டிருக்குன்னு பாரு புள்ள." எனக்கு விளங்கியது ஓரிடம்தான்: பத்துக்கு ஒன்பது.

"நல்ல மார்க்ஸ் மாமா."

"அப்பாடா! பள்ளிக்கூடத்துல நா ஒருநாளும் ஒம்பது எடுத்ததில்ல!"

ரிப்போர்ட்டை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, இடுப்பு வலி தாங்காமல்தான் கண்டிக்கு கிளினிக் போனார்.

திரும்பி வந்த அன்று அவர் ஏசவில்லை. "ஒம்பது எடுத்தா பெயிலாம் புள்ள! இது எந்த ஊரு பரீட்சை?" என்றார். டொக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். புற்றுநோய்ச் செல்கள் நல்ல செல்களிலிருந்து எவ்வளவு மாறிவிட்டன என்பதற்குத்தான் அந்த எண். ஆறு என்றால் பெரும்பாலும் மெதுவாக வளரும்; சிலருக்கு வைத்தியம் தொடங்காமல் கவனித்துக்கொண்டே இருப்பார்களாம். ஒன்பது வேகமானது. ஆனால் அது மட்டும் போதாது. இரத்தத்தில் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் புரதம் எவ்வளவு, கட்டி சுரப்பியைத் தாண்டிவிட்டதா என்பதையும் சேர்த்தே ஆபத்தைக் கணிப்பார்கள்.

"மூணு பாடம். ஒண்ண மட்டும் பாத்து ரிசல்ட் சொல்லப்படாது."

அதன்பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் என்னிடம் ஒரு கேள்வி வாங்கிப் போவார். எலும்பை ஏன் படம் எடுக்கிறார்கள்? ஊசி போட்டதும் பிஎஸ்ஏ ஏன் இறங்குகிறது? பதில்களை ஒரு கொப்பியில் என்னை எழுத வைத்தார். நான் கேட்கப் பயந்த ஒன்றை அவரே கேட்டுவிட்டு வந்தார்.

"அந்த ஒரு மாசம் பிந்தாம இருந்தா எப்பிடின்னு கேட்டேன். உறுதியா சொல்ல முடியாதாம். அதையும் எழுதிக்கோ."

ரிப்போர்ட்டை யார் வாசித்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாவு வீட்டில் அத்தை வந்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்: "கையில வச்சிக்கிட்டு ஏன் ஒரு மாசம் சும்மா இருந்தாரு?" நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

அந்தக் கொப்பி என்னிடம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழகியது அதில்தான்.

அத்தை, நாளைக்குக் கொப்பியையும் இந்தத் தாளையும் கொண்டு வருகிறேன். நல்ல மார்க்ஸ் என்று சொன்னது நான்.