வெறுமையாக மேலே போன திராட்சை வண்டி

ஆண்டவரில் அன்பான சகோதர சகோதரிகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கால் சுகமாகவில்லை. சாட்சி என்றதும், கடைசியில் இவள் ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடப்போகிறாள் என்று காத்திருப்பவர்கள் இப்போதே தேத்தண்ணி குடிக்கப் போகலாம். ஆனால் நான் வேண்டியது எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் அமலா. மன்னார்த் தீவுக்காரி. சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து தொடை முதல் பாதம் வரை இரும்புச் சட்டம், இரண்டு கையிலும் ஊன்றுகோல். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது நானும் தங்கச்சி ஜெசிந்தாவும் இரண்டு திசைக்குப் போய்விட்டோம். மாமா ஒருவர் கூப்பிட்டு நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். அவள் அன்ரன் என்பவரைக் கலியாணம் கட்டி இத்தாலிக்குப் போனாள். இடையில் அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இந்த உலகத்தில் சொந்த இரத்தமென்று மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

1995 தவக்காலத்தில் ஸ்காபரோவில் நடந்த ஒரு குணமளிக்கும் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். வெளியிலிருந்து வந்த போதகர் என்னை முன்னால் அழைத்து, சட்டத்தைக் கழற்றிவிட்டு நட மகளே என்றார். கழற்றினேன். விழுந்தேன். "விசுவாசம் போதாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். முந்நூறு பேருக்கு முன்னால் தரையில் கிடந்துகொண்டு சட்டத்தின் வாரைத் தேடிக் கட்டினேனே, அந்த அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இனி யாரும் என் காலுக்காகச் செபிக்கக் கூடாது. நானும் கேட்கமாட்டேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் அழுதுகொண்டே கேட்டாள்.

"அக்கா, நீதான் ஞானத்தாயாய் நிக்கவேணும். உன்னை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?"

"வாறன்" என்றேன். யோசிக்கவே இல்லை.

சொல்வது எளிது. அவளுக்கு விசாக் காகிதங்கள் சரிவரவில்லை, இத்தாலியை விட்டு அசைய முடியாது. எனக்கோ குடியுரிமை கிடைத்த பிறகுதான் பாஸ்போட். மே மாதம் ஞானஸ்நானம் என்று வைத்திருந்தோம். குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வராமலே மே போய்விட்டது. ஜூனும் போனது. இங்கே எங்கள் செபக்கூட்டத்தை நடத்தும் மரியதாஸ் அண்ணை வாய்விட்டே சொன்னார்.

"பிள்ளையை இவ்வளவு நாள் தண்ணி வாக்காமல் வைச்சிருக்கிறது சரியில்லை, தங்கச்சி. ஒரு சங்கிலியை வாங்கி அனுப்பிவிடு. அங்க இருக்கிற ஆரும் உனக்குப் பதிலாய்ப் பிள்ளையைப் பிடிக்கட்டும். உந்தக் காலோட எங்க போகப்போறாய்?"

கடைசி வசனத்தை அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. அந்த மாதங்கள் முழுக்க ஆண்டவரோடு நான் பேசியதெல்லாம் சண்டைதான். கால் தரவில்லை, போகட்டும். ஒரு கடுதாசியைக்கூட நேரத்துக்கு அனுப்பமாட்டீரா என்று கேட்டேன். ஜெசிந்தா மட்டும் அசையவில்லை. அக்கா வராமல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்று பிடிவாதமாக நின்றாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது.

ஆவணி பிற்பகுதியில் பாஸ்போட் வந்தது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு குறித்தார்கள். விமானத்தில் சக்கர நாற்காலி, இருக்கை, மருந்து, உதிரி வார், எல்லாம் நானே விசாரித்து ஒழுங்கு செய்தேன். போனில் ஜெசிந்தாவிடம் கேட்டேன்: "வீட்டுக்குப் படி இருக்கே?"

"இல்லையக்கா. கடற்கரைதான். வாசல்ல நிண்டா கடல்."

அது போதும் என்று இருந்துவிட்டேன். மன்னாரில் பிறந்தவளுக்குக் கடற்கரை என்றால் வேறென்ன? எங்கள் தீவில் ஒரு மேடு பார்க்க வேண்டுமென்றால் மண்ணைக் கொட்டித்தான் உண்டாக்க வேண்டும். வீடும் மணல், கோவிலும் மணல், வள்ளம் கிடப்பதும் அதே மணல். கடலுக்குப் பக்கத்தில் மலை நிற்கும் என்று எனக்கு எந்த ஞானோபதேச வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை.

மிலானோவில் இறங்கி, அன்ரன் இரவல் வாங்கி வந்த காரில் பல மணிநேரம் ஓடி அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை இரவு, சுற்றிவர ஒன்றும் தெரியாத இருட்டு. தங்கச்சி சொன்னது பொய்யில்லை. வீட்டுக்குப் படி இல்லை. துறைமுகத்தை ஒட்டிய சின்ன வீடு. குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினேன், அழுதேன், சாப்பிட்டேன். மறுநாள் வெயிலேற வாசலில் வந்து உட்கார்ந்து கேட்டேன்: "கோவில் எந்தப் பக்கம்?"

ஜெசிந்தா கையை நீட்டினாள். முன்னுக்கு அல்ல, மேலே. வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி மலை முழுக்க இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே மணிக்கூண்டு. அங்கே போக ஒரே வழி கல்படி. சில இடங்களில் என் முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொரு படியும். கார் போகாது. சக்கர நாற்காலியை நினைக்கவே வேண்டாம்.

"அன்ரனும் கூட வேலை செய்யிற பெடியளும் உன்னைக் கதிரையில வைச்சுத் தூக்குவினமக்கா. நான் அதை அப்பவே யோசிச்சிட்டன்" என்றாள் அவள்.

சகோதரங்களே, இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பெருமைக்காரி என்று நினைத்தால் நினையுங்கள். சின்ன வயதில் எங்கள் ஊர்த் திருநாளில், மாதா சுரூபத்தை வைத்துத் தூக்கும் கூட்டுக்குப் பின்னால் என்னையும் கதிரையில் வைத்து மாமாமார் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் பெண்கள் ஓடிவந்து என் காலைத் தொட்டு அழுதார்கள். மாதாவைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள் அதிகம். நான் செத்த வீட்டில் வைத்த பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், கோவிலுக்கு இனி என்னை யாரும் தூக்கக் கூடாதென்று.

"தூக்க விடமாட்டன்" என்றேன்.

ஜெசிந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பங்குச் சுவாமியார் பல ஊர்களுக்கு ஒருவர். நாளைக்கு விட்டால் பிறகு அவர் வர வாரக்கணக்காகும். எனக்கோ வேலையில் கொடுத்த லீவு அடுத்த புதனோடு முடிகிறது. ஞானஸ்நானத்தை வீட்டில் கொடுக்க முடியாது, கோவிலில்தான் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஜெசிந்தா வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, தேவையென்றால் தானே குழந்தையை ஏந்துவதாகச் சொல்லி உடுப்பும் எடுத்து வைத்திருக்கிறாவாம். நல்ல மனுசி. ஆனால் இத்தனை கடல் தாண்டி வந்து, கீழே வாசலில் உட்கார்ந்து மணிச் சத்தம் கேட்கவா நான் வந்தேன்?

அவர்கள் உள்ளே போன பிறகு நான் அந்த மணிக்கூண்டைப் பார்த்துச் செபித்தேன். செபமென்றால் கைகூப்பிய செபமில்லை. "ஆண்டவரே, கால் கேட்டேன், நீர் தரவில்லை. அந்த வழக்கு முடிந்துவிட்டது, இனி அதை எடுக்கமாட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ளையை நான் என் கையில் ஏந்த வேண்டும். என்னைத் தூக்க விடவும்மாட்டேன், கீழே இருக்கவும்மாட்டேன். வழி உம்முடைய பொறுப்பு. நான் இங்கேதான் இருப்பேன்." இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையிலேயே அங்கேயே இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழும்பவில்லை.

அப்போது மலையில் ஏதோ இரைந்தது, பழைய மோட்டார் சைக்கிள் மாதிரி. பார்த்தால், படிகளுக்கு அப்பால் தோட்டங்களின் நடுவே ஒற்றைத் தண்டவாளம் ஒன்று நேராக மேலே ஏறுகிறது. அதில் ஒரு குட்டி எஞ்சின், பின்னால் தட்டு வண்டி. பெட்டி பெட்டியாகப் பழத்தோடு இறங்கி வந்தது. பழத்தை இறக்கிய பிறகு திரும்ப மேலே போனது, வெறுமையாக.

"ஜெசிந்தா, உது என்ன?"

"உதோ? முந்திரிகைப் பழம் இறக்கிற வண்டி. ஜீனோ எண்டு ஒரு கிழவன்ரை. இப்ப அறுவடைதானே."

திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை என்போம்.

"மேல எதுவரைக்கும் போகும்?"

"கோவிலுக்குக் கொஞ்சம் கீழ, அந்த மதிலடி மட்டும்." சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ அக்கா, உனக்கு விசரே?"

"வெறுமையாய்த்தானே மேல போகுது" என்றேன்.

அன்ரன் வந்து, "அதில ஆக்கள் ஏறக்கூடாதாமக்கா" என்றார். "நீர் சும்மா இரும். போய்க் கேட்டுக்கொண்டு வாரும்" என்றேன். போனார். ஜீனோ கிழவர் துறைமுகத்துக்கே இறங்கி வந்து என்னையும், என் இரும்புச் சட்டத்தையும், ஊன்றுகோலையும் ஒரு மேஸ்திரி சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பாவம் என்று ஒரு சொல் இல்லை. தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அன்ரன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "தனக்கும் முழங்கால் ஏலாதாம். ஆருக்கும் சொல்லாமல் தானும் உதிலதான் மேல போறவராம். நாளைக்கு ஞாயிறு, வேலை இல்லை. ஆனால் உங்களுக்காண்டி எஞ்சினை எடுப்பாராம்."

ஞாயிறு காலையில் கிழவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி வந்து எஞ்சினை முடுக்கினார். தட்டில் சாக்கை மடித்துப் போட்டார். ரொறன்ரோவில் ஜெரார்ட் தெருவில் வாங்கிய பட்டுச் சேலையோடு நான் அதில் உட்கார்ந்தேன். அது ஏறத் தொடங்கியதும், அம்மா, பயம் என்றால் அதுதான் பயம். செபமாலை கழுத்தில் கிடக்கிறது, உருட்டக் கை இல்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி "வழி உம்முடைய பொறுப்பு" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். திராட்சைப் பெட்டி போகும் வண்டிதான் அது. ஆனால் வண்டி யாரையும் பார்த்து இரக்கப்படுவதில்லை.

மதிலடியில் தண்டவாளம் முடிந்தது. அதற்குமேல் இன்னும் படி இருந்தது. அன்ரன் கையை நீட்டினார். வேண்டாமென்றேன். ஊரில் பாடகர் மேடைக்கு ஏற நானே கண்டுபிடித்த வித்தை ஒன்று எனக்குத் தெரியும். முதுகைப் படிக்குக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைப்பது. அப்படியே ஏறினேன். உள்ளங்கை உரிந்தது. கோவிலுக்குப் போகிற சனம் என்னை விலத்திக்கொண்டு போனது, சிலர் நின்றார்கள், ஒரு பெண் கண்ணைத் துடைத்தா. துடைக்கட்டும். பின்பக்கமாக ஏறியதால் என் முகம் கடலைப் பார்த்து இருந்தது. நேராக நடந்து ஏறினவர் ஒருவரும் அந்தக் கடலை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கோவில் வாசலில் அந்த வீட்டுக்கார அம்மா குழந்தையை ஏந்தத் தயாராக நல்ல உடுப்போடு நின்றா. என்னைக் கண்டதும் என் ஊன்றுகோல்களை அன்ரனிடமிருந்து வாங்கி, என் கையில் தந்துவிட்டு விலகி நின்றா. நான் எழும்பினேன். என் சொந்தக் காலில், அது எப்படிப்பட்ட காலாக இருந்தாலும், பீடம் வரை நடந்து போனேன்.

ஞானஸ்நானத் தொட்டியில் இடுப்பைச் சாய்த்து, சட்டத்தின் முழங்கால் பூட்டைப் போட்டு, ஊன்றுகோல்களை அந்த அம்மாவிடமே கொடுத்தேன். ஜெசிந்தா பிள்ளையை என் கையில் வைத்தாள். ஸ்ரெல்லா மேரி. தண்ணீர் பட்டதும் மலையே அதிரக் கத்தினாள். என் இனம்தான் என்று அப்போதே தெரிந்தது. நான் அழுதேன். சந்தோசத்தில் அழுதேன் என்று இங்கே சொல்லி வைக்கிறேன்.

பூசை முடிந்து ஜீனோ கிழவருக்கு நன்றி சொன்னபோதுதான் அன்ரன் அந்தச் செய்தியைச் சொன்னார். அந்த எஞ்சினை அறுவடைக்கு மட்டுமே வெளியே எடுப்பார்களாம். மற்ற மாதமெல்லாம் கழற்றி, எண்ணெய் பூசி, கொட்டிலில் பூட்டி வைத்துவிடுவார்களாம். மே மாதம் நான் வந்திருந்தால் அங்கே வெறும் தண்டவாளம்தான் இருந்திருக்கும். கடுதாசி பிந்துகிறதென்று மாதக்கணக்காக நான் யாரோடு சண்டை பிடித்தேனோ, அவர் அறுவடைக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அதற்காக நான் சண்டை பிடித்ததை வாபஸ் வாங்கவில்லை. சண்டை பிடித்தவளுக்குத்தான் அவர் வழி விட்டார். வாயை மூடிக்கொண்டு சங்கிலியை அனுப்பியிருந்தால் எனக்கு ஒரு போட்டோ வந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பட்டுச் சேலையில் திராட்சைக் கறை இன்னும் இருக்கிறது. நான் அதைக் கழுவக் கொடுக்கவில்லை. திரும்பி வந்த பிறகு நான் மாறியிருக்கிறேன் என்று மரியதாஸ் அண்ணை சொல்கிறார். அவருக்குத் தெரிய நியாயம் உண்டு. நமது செபக்கூட்டம் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்தது. வாரா வாரம் இரண்டு பேர் என்னைக் கக்கத்தில் பிடித்துப் படியிறக்குவார்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவேன். வந்த முதல் வாரமே மேலே வாசலில் நின்றுகொண்டு, "அண்ணை, இண்டைக்கு நான் கீழ வரேல்லை. நீங்கள் எல்லாரும் மேல வாங்கோ" என்றேன். முணுமுணுத்தார்கள். ஆனால் வந்தார்கள். இன்றைக்கு நாம் எல்லோரும் மேல் மண்டபத்தில் இருப்பது அப்படித்தான்.

ஆகையால், அன்பானவர்களே, என் காலுக்காக இன்னும் இரகசியமாகச் செபித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இந்த மண்டபத்தின் பக்க வாசலில் ஒரு சரிவுப் பாதைக்காகச் செபியுங்கள். செபித்துவிட்டுப் போகாமல் அடுத்த சனிக்கிழமை பலகையும் ஆணியும் கொண்டு வாருங்கள். உங்களுக்கும் ஏதோ ஒரு மலை இருக்கும். அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கோபமிருந்தால் கோபத்தோடு சொல்லுங்கள், அவர் தாங்குவார். சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு எழும்பாதீர்கள்.

ஸ்ரெல்லா மேரிக்கு இப்போது மூன்று வயது நடக்கிறது. இன்னும் சில வருடத்தில் அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கும் பெரியம்மாதான் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், ஜெசிந்தா இப்போதே சொல்லிவிட்டாள். அந்த ஊரில் முதல் நன்மை மே மாதத்தில்தான் கொடுப்பார்கள். மே மாதத்தில் ஜீனோவின் எஞ்சின் கொட்டிலில் பூட்டிக் கிடக்கும்.

வாறன் என்று சொல்லிவிட்டேன். ஆண்டவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.