ஜெர்மன்காரியின் உம்மா

எங்கள் ஊர் வழக்கத்தைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் என் வாய் ஓயாது. கல்யாணம் ஆனால் எங்கள் பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்தால் அவள் பெயரில் ஒரு வீடு கட்டியாக வேண்டும். இங்கே துபாயில், அல் குசைஸில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் மற்ற ஊர்ப் பெண்கள் மாமியார் கதை சொல்லி மூக்கைச் சிந்தும்போதெல்லாம் இதை எடுத்துவிடுவேன். "எங்க ஊர்ல மாமியார்ங்கிறது பெருநாளைக்கு வந்துட்டுப் போற விருந்தாளி" என்பேன். அவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்தப் பெருமையோடுதான் என் மகளுக்கும் சம்பந்தம் பேசினோம். அவள் துபாயில் பிறந்தவள், இங்கேயே பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். என் கணவரும் அவருடைய பார்ட்னரும் சேர்ந்து நடத்திய லக்கேஜ் கடை, மனஸ்தாபத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரே தெருவில் எதிரும் புதிருமாக நின்றது. அவர் மகனுக்கு எங்கள் மகளைக் கொடுத்தால் இரண்டு கடையும் ஒன்றாகும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை இங்கே கடையைப் பார்ப்பார். மகள், ஊரில் அவள் பெயரில் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் வீட்டைத் திறந்து அங்கே குடியிருப்பாள். மாப்பிள்ளை லீவுக்கு வந்து போவார். எங்கள் ஆண்கள் கடல் தாண்டிப் போன காலத்திலிருந்தே இதுதான் நடப்பு. கல்யாணமான புதிதில் நான் மட்டும் அழுது அடம்பிடித்து, விசா எடுக்க வைத்து இங்கே வந்துவிட்டேன். அது வேறு கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க எங்க இருப்பீங்க உம்மா?"

"நாங்க இங்கதான். கடைய யாரு பாக்குறது? உனக்கென்ன மவளே, அது உன் வீடு."

தலையை ஆட்டினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி.

சில நாள் கழித்து நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது லேப்டாப்போடு வந்து நின்றாள். கட்டுரை எழுதுகிறாளாம். பல நூறு வருஷங்களுக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு பிரபுவின் மகள். ஆற்றுப் பாலம் ஒன்றில் சுங்கம் வாங்கும் உரிமைக்காக இரண்டு பிரபு வீடுகள் அடித்துக்கொண்டன. சண்டையை முடிக்க இவளை அந்த வீட்டு மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பொம்மை வைத்து விளையாடும் வயதில், முன்பின் பார்த்திராத ஒரு கோட்டைக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். புருஷன் எப்போதும் போர், போர் என்று வெளியூரில். அவள் கோட்டையில் தனியாக.

"பெத்தவளா அவ? கல்நெஞ்சுக்காரி" என்றேன். "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் நடக்குமா?"

அவள் லேப்டாப்பை மேடையில் வைத்தாள். "அனுப்பும்போது அவ உம்மா என்ன சொன்னான்னு எங்கயும் எழுதி வைக்கல. நாமளே யோசிச்சு எழுதலாம்னு புரொபசர் சொன்னாங்க. என்ன சொல்லியிருப்பா?"

எனக்கு நடிப்பென்றால் கொள்ளை ஆசை. மீன் கையை அவசரமாகக் கழுவிவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜெர்மன்காரியின் உம்மாவாகவே நின்றேன். "அழாத மவளே. போனா எல்லாம் பழகிரும். உன் நல்லதுக்குத்தானே செய்றோம். பெரியவங்க பேசி முடிச்சாச்சு, இனி நீ வாயத் தொறந்தா ரெண்டு வீட்டுக்கும் அசிங்கம்." அவள் ஒரு வார்த்தை விடாமல் தட்டிக்கொண்டாள். என் நடிப்பைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்தார்கள், நாள் குறிப்பதற்காக. மாப்பிள்ளையின் உம்மா என்னைவிட மூத்தவர், லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. கடை பிரிந்த காலத்திலும் என்னோடு பேச்சை விடாதவர். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னம்மா படிக்கிற, எங்களுக்கும் சொல்லேன்" என்றார்.

மகள் அந்தக் கதையைச் சொன்னாள். ரெண்டு வாக்கியத்துக்குள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறவள், அன்று முழுக்கத் தமிழிலேயே சொன்னாள். அந்த உம்மா பேசுகிற இடம் வந்தது. நான் சொன்ன அதே வார்த்தைகள். ஆனால் அவள் நடிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

ரெண்டு வீடு, ஒரு சண்டை, கூட இல்லாத புருஷன், தனியாக ஒரு பெண். கல்நெஞ்சுக்காரி என்று நான் திட்டியது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர் வீட்டில் அவள் தங்கியதெல்லாம் சில பள்ளி விடுமுறைகள்தான். எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. அது அவள் பெயரில் இருப்பதால் அவளை எங்கேயும் அனுப்பவில்லை என்று நான் நம்பியிருக்கிறேன். நான் எந்த வீட்டில் தனியாக இருக்கமாட்டேன் என்று அழுதேனோ, அதற்கு அடுத்த வீடு அது.

"அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?" என்று லாத்தா கேட்டார்.

"அவளுக்கும் ஒரு மவ பொறந்தா மாமி. அவளையும் அதே மாதிரி அனுப்பி வெச்சா."

"பாத்தியா" என்று லாத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா இருந்திருக்கா. இல்லாட்டி மவள அனுப்புவாளா? அந்த உம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா." அதே சிரிப்போடு, "ஹஜ் பெருநாள் கழிச்சு வெச்சுக்கிருவோமா?" என்றார்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுடையது என்பதால் நாள் சொல்வதும் பெண்ணின் உம்மாதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் கையில் எடுத்த பேரீச்சம்பழத்தைத் தின்னாமல் காத்திருந்தார்.

"லாத்தா, தப்பா நெனைக்காதீங்க. நான் இன்னும் அவகிட்ட கேக்கல."

"கேக்காமலா எங்கள வரச் சொன்ன?"

"ஆமா லாத்தா."

அவமானத்தில் எனக்கு உடம்பே கூசியது. அவர் கத்தியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். சுலைமானி டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "கேட்டுட்டுச் சொல்லு" என்று மட்டும் சொல்லி எழுந்துகொண்டார். என் கணவர் அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விடப் போனார். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

மகள் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"உனக்கு இதுல இஷ்டமா மவளே?"

"இல்ல உம்மா." கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. வாயத் தொறந்து என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே, அந்த உம்மா என்ன சொல்லியிருப்பான்னு." தட்டைத் துடைத்து வைத்தாள். "புரொபசர் அப்படி எதுவும் எழுதச் சொல்லல உம்மா."