தூளியின் அலைவு நேரம்

பிளஸ் ஒன் படித்த வருடம், எனக்கு வராத கணக்கு என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. தனிச்சீரிசை இயக்கத்தில் சுருள்வில் கணக்குகள் மிகவும் எளிது. தொங்கும் எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் தெரிந்தால் எடையைச் சொல்லிவிடலாம். புத்தகத்தில் அந்த எடையைச் சிறிய கட்டமாக வரைந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அது அக்காவின் குழந்தை.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் குழந்தைக்காகக் கூடத்துக் கொக்கியில் ஸ்பிரிங் மாட்டிப் புடவைத் தூளி கட்டியிருந்தோம். குழந்தை பிறந்தபோதே எடை குறைவு. அக்காவுக்குப் பால் போதவில்லை என்று அம்மா முடிவுகட்டி, பால் பவுடர் டப்பாவை வாங்கியும் வைத்துவிட்டாள். அக்கா அதைத் திறக்க விடவில்லை. போன வாரம் சுகாதார நிலையத்தில் பார்த்த எடையைவிட இந்த வாரம் ஏறியிருந்தால் தாய்ப்பால், இல்லாவிட்டால் டப்பா என்று பேச்சு முடிந்தது. மறுபடி எடை பார்க்கவேண்டிய நாளில் பௌர்ணமி வந்தது. எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் அன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டி நகராது; சுகாதார நிலையத்துக்குப் போக வழியில்லை. கிரிவலம் வந்த வழியில் எங்கள் வீட்டில் கால் ஆற உட்கார்ந்த அக்காவின் மாமியாரும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். இன்றைக்கே டப்பாவைத் திறந்துவிடலாம் என்றார்கள்.

எதிர் மளிகைக் கடையில் தராசு இருக்கிறதே என்றேன்.

"கொழந்தைய கத்திரிக்கா மாதிரி தராசுல வெப்பாங்களாடி?" என்றாள் அம்மா.

"தூளியிலதானே படுக்க வெக்கறீங்க? அதுலயே நான் எடை சொல்றேன்."

குழந்தையை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கிலோ அரிசிப் பையாகத் தூளியில் ஏற்றி, மெல்லக் கீழே இழுத்து விட்டேன். இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைச் செல்போனில் எடுத்து, வரைபடத் தாளில் கோடு போட்டேன். ஸ்பிரிங்கின் எடையும் புடவையின் எடையும் அந்தக் கோட்டிலேயே அடங்கிவிடும். பிறகு அம்மா தூங்கும் குழந்தையைத் தூளியில் விட்டாள். மறுபடி இருபது ஆட்டம்.

போன வாரத்தைவிட நானூற்றைம்பது கிராம் கூடுதல் என்று அறிவித்தேன். அக்கா கைதட்டினாள்.

"ஒரு வாரத்துல அரைக் கிலோவா?" என்றார் மாமியார். "இது கொழந்தையா, கன்னுக்குட்டியா?"

எழுந்து போய்த் தூளிக்குள் கைவிட்டுத் துழாவினார். துணி மடிப்பிலிருந்து ஒரு பாக்குவெட்டி வெளியே வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தின் கண் படக்கூடாது என்று, குழந்தையைப் படுக்க வைக்கும்போது அம்மா செருகிய இரும்பு.

"சம்பந்தி, உங்க பாக்குவெட்டிதாங்க நல்லா வளந்துருக்கு!"

அம்மாவே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை; சூத்திரத்தில் தவறில்லையே. பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்கு ஓடினேன். அதைத் தராசில் வைக்க யாருக்கும் ஆட்சேபம் இல்லை. முந்நூறு கிராம். திரும்பி வந்து, குழந்தை ஏறியிருப்பது நூற்றைம்பது கிராம் என்றேன்.

மாமியார் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஜாஸ்தி இல்ல. ஆனா ஏறியிருக்கு. டப்பா இப்ப வாணாம் சம்பந்தி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவர் கிளம்பி, அம்மா வழியனுப்பத் தெருவரை போனதும், அக்கா என்னை அருகில் கூப்பிட்டாள்.

"ஏய், இது தப்பா இருக்கறதுக்கு வாய்ப்பு இருக்கா?"

இப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாராவது கேட்டதே எனக்குப் பெருமை. செல்போனை அழுத்தும்போது நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதனால் விடையில் நூறு கிராம் வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்று விளக்கினேன்.

"கம்மியாவும் இருக்கலாமா?"

"இருக்கலாம். ஜாஸ்தியாவும் இருக்கலாம்."

அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அத அம்மாகிட்ட சொல்லாத."

பிழை எவ்வளவு என்று எழுதாத விடைக்கு எங்கள் ஆய்வகத்தில் மதிப்பெண் குறைப்பார்கள். அதையும் எடுத்துச் சொன்னேன். அவள் குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். காமர்ஸ் படித்தவள், இதெல்லாம் அவளுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.